உன் அப்பா பெயரில் ஒரு பீர்

சரவணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாய், போட்டோவில் பார்த்தேன். ஒரு பீப்பாய் மேல் கையைப் போட்டுக்கொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறாய். அந்தப் போட்டோவை நீ எனக்கு அனுப்பவில்லை. உன்னோடு படித்த தினேஷ்தான் அனுப்பினான். "ஆன்ட்டி, நம்ம சரவணன் லண்டன் பேப்பர்ல வந்துகீறான், பாத்தீங்களா?" என்று அவனுக்கு ஒரே பெருமை. பிள்ளை பேப்பரில் வந்திருக்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் கால் தரையில் நிற்கும்? சத்துணவுக் கூடத்தைப் பூட்டி, சாவியை ஹெச்.எம். கையில் கொடுத்துவிட்டு, புடவைகூட மாற்றாமல் உத்திரமேரூருக்கு பஸ் ஏறினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கிற பாய் மகள் ஷாஹிதா காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறது. அதனிடம் போனை நீட்டி, "கண்ணு, எம்புள்ள பேப்பர்ல வந்துகீறான், ஒரு வார்த்த வுடாம படிச்சி சொல்லு" என்றேன். ரீசார்ஜுக்கு வந்து நின்றவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அது லண்டனும் இல்லை, பேப்பரும் இல்லை. ஷ்ராப்ஷயர் என்கிற உங்கள் ஜில்லாவில் இருக்கிற குடிக்கிற கடைகளின் சேதிக்கென்றே போடுகிற தாளாம். எந்த ஊரில் மூடிக் கிடந்த கடை திரும்பத் திறந்தது, எந்தக் கடையில் கூரை ஒழுகுகிறது, எந்தக் கடைக்காரர் ரிட்டயர் ஆகிறார், எந்தக் கடை நாய் செத்துப்போனது, அம்பு எறிகிற போட்டியில் யார் ஜெயித்தார்கள், இந்த மாதம் எங்கே என்ன பீர் இறங்கியிருக்கிறது, இவ்வளவும் அதில் இருந்தது. நாய் செத்ததற்கு மட்டும் அரைப்பக்கம், போட்டோவோடு. ஷாஹிதா படிக்கப் படிக்க நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "நம்மூரு ஒயின்ஷாப்புக்கு இப்டி ஒண்ணு போட்டா இன்னா எய்துவாங்க? எவன் எந்தக் கால்வாயில வியுந்து கெடந்தான்னு எய்தலாம்" என்றார் பாய். அப்புறம் ஷாஹிதா பக்கத்தைத் தள்ளியது, உன் போட்டோ வந்தது. படித்துக்கொண்டே வந்த பெண் நடுவில் நின்றுவிட்டது. "ஏன் கண்ணு நிறுத்திட்ட?" என்றேன். "ஆன்ட்டி, உங்க வூட்டுக்காரர் பேரு ஏழுமலையா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். கடையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள வாங்க ஆன்ட்டி, ஒக்காந்து படிக்கலாம்" என்று என் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனது. யாரோ பெற்ற பெண், அதற்கு என் மானத்தைப் பற்றி இருந்த அக்கறை உனக்கு இல்லையே.

உள்ளே உட்கார்ந்து கேட்டதை அப்படியே எழுதுகிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது பார். கலப்பைப் படம் போட்ட போர்டு தொங்குகிற அந்தக் கடையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிற சரவணன், இப்போது பின்கட்டுக் கொட்டகையில் தானே ஒரு பீர் காய்ச்சியிருக்கிறான். அதற்கு ஏழுமலை என்று பெயர். ஏழு மலை என்று அர்த்தம் சொன்னதும், ஷ்ராப்ஷயர் மலைகளைத்தான் சொல்கிறானோ என்று குடிக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை, அது அவனுடைய அப்பா பெயர். அவர் இந்தியாவில் பனைமரம் ஏறிக் கள் இறக்கியவர். விடியற்காலையில் முதல் கள்ளைப் பனையோலையில் ஊற்றி மகனுக்குக் கொடுத்து, உயிருள்ள பானத்தை எப்படி ருசி பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். அமைதியான மனிதர். ஒரு நாளும் அளவு மீறாதவர். பீர் ஊற்றுகிற கைப்பிடியில் மாட்டியிருக்கும் வட்டத் தகட்டில் சிரித்துக்கொண்டிருப்பது அவர்தான். இதைப் படித்துவிட்டு ஷாஹிதா அந்தத் தகட்டைப் பெரிதாக்கிக் காட்டியது. எங்கள் கல்யாணப் போட்டோ. கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதே போட்டோ. போன தடவை வந்தபோது செல்போனில் பிடித்துக்கொண்டு போனாயே, அப்பா அம்மா ஞாபகத்துக்கு என்று நினைத்து நான்கூடக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். என்னை வெட்டி எடுத்துவிட்டாய். அதையும் ஒழுங்காக வெட்டவில்லை. அவர் தோள் ஓரத்தில் என் மாலையிலிருந்த சாமந்திப் பூ ரெண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பனைமரம் ஏறினாராம்! பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் தலை சுற்றுகிறது என்று உன்னை ஏற்றிவிட்டுக் கீழே நின்று பிடித்துக்கொள்கிற மனுஷன் பனைமரம் ஏறினாராம். அவர் ஓட்டியது ஷேர் ஆட்டோ. காவாந்தண்டலத்தில் ஆள் ஏற்றி, ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரம் போய்த் திரும்புவார். குடித்தது கள்ளும் இல்லை, கடையில் விற்கிற குவாட்டர். பனையோலையில் இல்லை, பிளாஸ்டிக் டம்ளரில், ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. முதலில் சாயங்காலம் என்று இருந்தது, அப்புறம் மத்தியானம் என்று ஆனது, கடைசியில் பல் தேய்ப்பதற்கு முன்னால் என்று வந்து நின்றது. அளவு மீறாதவர் என்று சொல்ல உனக்கு எப்படியடா வாய் வந்தது? ராஜகுளத்துக்குச் சவாரி போன இடத்தில் ரோட்டோரம் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தது யார்? நீயும் நானும்தானே? பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். "நீ தலப் பக்கம் புடிம்மா, நான் கால் பக்கம் புடிக்கறேன்" என்றாய். காரில் போனவன் ஒருவன் வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். நீ உன் சட்டையைக் கழற்றி உன் அப்பா முகத்தின் மேல் போட்டு மூடினாய். யாரும் பார்க்கக்கூடாது என்று அன்றைக்கு மூடிய முகத்தைத்தான் இன்றைக்குத் தகட்டில் ஒட்டி ஒரு ஜில்லாவுக்கே காட்டிக்கொண்டிருக்கிறாய்.

அவருக்கு வந்த முதல் தெவசத்தை நீ மறந்திருக்க முடியாது. செத்தவருக்கு எதெது பிடிக்குமோ அதையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது நம் பக்கத்து வழக்கம். கறிக்குழம்பு, வடை, புது வேட்டி, வெற்றிலை பாக்கு, குடித்தவராக இருந்தால் பக்கத்திலேயே ஒரு குவாட்டர். வைத்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை, வைக்காவிட்டால்தான் பேச்சு வரும். உன் சித்தப்பா இடுப்பில் செருகிக்கொண்டு வந்த பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைக்கப் போனபோது நான் கூடாது என்றேன். சொந்தபந்தம் மொத்தமும் என் மேல் பாய்ந்தது. "அண்ணி, ஒங்க கோவம் ஒங்களோட. எங்கண்ணன் ஆசப்பட்டத வெக்கலன்னா காக்கா சோத்தத் தொடாது. அவுரு ஆவி இங்கியேதான் சுத்திக்கினு கெடக்கும்" என்று உன் சித்தப்பா கத்தினார். தாலி இழந்து ஒரு வருஷம் ஆனவள் பேச்சு அந்தக் கூட்டத்தில் எங்கே எடுபடும்? அப்போது நீ எழுந்து வந்தாய். மீசை அரும்பின முகம், குரல்கூட உடைந்தபடிதான் வந்தது. "சித்தப்பா, எங்கப்பா உசுரோட இருக்கச்சொல்ல நீதான் ஊத்திக் குடுத்த. செத்தப்புறமும் ஊத்தறியா? எட்துக்கினு போ" என்றாய். உன் சித்தப்பா பாட்டிலைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். காக்காய் வர மத்தியானம் ஆகிவிட்டது, அதுவரை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் வந்தது, வந்து தின்றது.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கே குடிகாரன் பேச்சு வந்தாலும் உன்னைப் பற்றித்தான் சொல்லுவேன். அடுத்தடுத்து வேறு சில வீடுகளிலும் பெண்கள் பாட்டில் வைக்கமாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "சரவணன் அம்மா வூட்ல வெக்கலியே, அங்க காக்கா வர்ல?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். பக்கத்து வீட்டு மஞ்சுளாவை அவள் மாமியார் தலைமுடியைப் பிடித்துத் திட்டியும் அவள் அசையவில்லை. இதெல்லாம் உன்னால். நீ அங்கே படிக்கப் போன நாளில் அந்தப் பெண்கள் எல்லாம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நின்றார்களே, எதற்கு என்று நினைத்தாய்? நீ பெரிய படிப்புப் படிக்கப் போகிறாய் என்பதற்காக இல்லை, அன்றைக்கு நீ பேசின பேச்சுக்காக.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீயாக வாயைத் திறக்கிறாயா பார்க்கலாம் என்று இருந்தேன். "அம்மா, இந்த வருசம் தெவசத்துக்கு நான் வரேன். அப்பாவுக்குப் படையல்ல வெக்க ஒண்ணு எட்தாறேன், நானே கைப்பட செஞ்சது" என்றாய். "பீராடா?" என்றேன். "யாரு சொன்னது?" என்றாய். மாட்டிக்கொண்டவன் முதலில் கேட்கிற கேள்வி. பிறகு ஒரேயடியாகக் கொட்டினாய். அது நம்மூர்க் கடைப் பீர் மாதிரி காஸ் அடைத்தது இல்லையாம். பீப்பாய்க்குள் போன பிறகும் பொங்கிக்கொண்டே இருக்குமாம். சூடும் ஏறாமல், ரொம்பவும் குளிராமல், ஆட்டாமல் அசைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். திறந்துவிட்டால் சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்துப்போகுமாம். படையலுக்கென்று ஒரு பாட்டிலில் அடைத்து, அதற்குள்ளேயே பொங்க வைத்திருக்கிறாயாம். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தே கிழவியானவளுக்கு இது புரியாமல் போகுமா? அங்கே ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு கிழவிகள் சாயங்காலம் முழுக்க ஸ்வெட்டர் பின்னுவார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடும், கடையை மூடப்போகிறார்கள் என்றதும் ஊரே பங்கு போட்டு வாங்கிக் காப்பாற்றியது என்றெல்லாம் சொன்னாய். இருக்கட்டும். நல்ல ஜனங்கள், நல்லபடியாகக் குடிக்கிறார்கள், எனக்கு அவர்களோடு ஒரு சண்டையும் இல்லை. ஓட்டலில் மேனேஜர் என்று இத்தனை நாள் என்னிடம் பொய் சொன்னதைக்கூட, அம்மா மனசு நோகும் என்று சொன்னான் போலிருக்கிறது என்று விழுங்கிக்கொள்வேன். பீப்பாய் கழுவிப் பிழைப்பது கேவலம் இல்லை.

விழுங்க முடியாதது எது என்று கேள். "கள்ளு எறக்கனவருன்னு எதுக்குடா சொன்ன?" என்று நான் கேட்டதற்கு நீ என்மேல் எரிந்து விழுந்தாயே, அதுதான். "வேற இன்னாம்மா சொல்லச் சொல்ற? எங்கப்பா குடிச்சி குடிச்சே செத்தாருன்னா? இங்க அவனவன் அவங்கப்பாகூட மொத கிளாஸு குடிச்ச கதைய சொல்றான். என்னையும் கேட்டாங்க. எனுக்கும் ஒரு அப்பா வேணும் இல்ல? நல்ல மனுசன்னு நாலு பேரு நெனைக்கட்டுமேன்னு சொன்னேன். நீ ஒரு நாளாவது அவரப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லிக்கீறியா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது, அதை உனக்குக் கேட்கவிடக்கூடாது என்றுதான் வைத்தேன்.

அடப்பாவி, ஒரு நாளாவது என்னைக் கேட்டாயா? சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டிருந்ததே, உடம்பெல்லாம் கொப்புளம். வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள் என்று, உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு சொட்டு தொடவில்லை. குடிக்காததால் கை அப்படி நடுங்கும். அந்த நடுங்குகிற கையால்தான் வேப்பிலைக் கொத்தை வைத்து உன் முதுகை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சி ஆட்டோவில் ஏறினால் பள்ளம் மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போவார், ஓட்டமாட்டார். என்னை அடித்ததும் அதே கைதான், இல்லை என்று சொல்லவில்லை. இவ்வளவும் சேர்ந்ததுதான் உன் அப்பா. உனக்கு அப்பா வேண்டும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கொடுத்திருப்பேன், நிஜமான அப்பாவையே கொடுத்திருப்பேன். நீ ஊரறியாத ஒருத்தரைச் செய்துகொண்டு, அவருக்கு இவருடைய முகத்தை மாட்டிவிட்டாய். அவரோடு கிடந்து சீரழிந்த என்னைக் கத்தரித்துக் கீழே போட்டாய். துரோகம் என்பது பெரிய வார்த்தை, பெற்ற பிள்ளைக்கு யாரும் எழுதமாட்டார்கள். நான் எழுதுகிறேன். நீ எனக்குச் செய்தது துரோகம்.

தினேஷ் எனக்கு மட்டுமா அனுப்பினான்? நீ படையலுக்குப் பாட்டில் கொண்டுவரப் போவதையும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். நேற்று உன் சித்தப்பா வாசலில் வந்து நின்று, "இன்னா அண்ணி, ஒங்க புள்ளையே பாட்லு எட்தாறானாமே. இந்த வருசம் வெக்கலாமா, வாணாமா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் போன பிறகு மஞ்சுளா வந்தாள். "அப்போ நாங்க இன்னாக்கா பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அவள் மாமனார் தெவசமும் இந்த மாதம்தான் வருகிறது.

பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிற அப்பா அம்மா எல்லோரும் நடுவில் ஓர் இடத்தில், நானும் சில தப்பு செய்தேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதுவார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் என் மேல் தப்பு இல்லை. இல்லாததை எழுதினால் நானும் உன்னைப் போலக் கதை விடுகிறவள் ஆகிவிடுவேன். அதனால் புத்திமதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பீர் காய்ச்சு, விற்றுக்கொள், அந்த ஊர்க்காரர்களோடு சந்தோஷமாக இரு. ஆனால் அந்தத் தகட்டைக் கழற்று. பெயரை மாற்று. மலை, ஆறு, குருவி என்று அங்கே ஆயிரம் பெயர் கிடைக்கும். இந்தக் கடிதத்தை ஷாஹிதா இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறது. அதை அந்தத் தாளிலேயே போடச் சொல். நாய்க்குக் கொடுத்த அளவு இடம் கொடுத்தால்கூடப் போதும். ஒரு ஜில்லாவுக்கே பொய் சொன்னாய், நிஜமும் அந்த ஜில்லாவுக்கே தெரியட்டும். அவர்கள் உன்னைத் தள்ளிவைத்துவிடமாட்டார்கள். செத்த நாய்க்கு அழுகிற ஜனங்கள், உன் நிஜ அப்பாவுக்காகவும் ஒரு நிமிஷம் அழுவார்கள்.

கடைசியாக ஒன்று. இதை உன்னிடம் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். அவர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு பிளஸ் டூ பரீட்சை. "புள்ள வர வாணாம், பரீட்ச எய்தட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார், நானும் உன்னை வரவிடவில்லை. அதனால் நீ பார்க்கவில்லை. வயிறும் காலும் நீர் கோத்து உப்பிக் கிடந்தன. தண்ணீர் அதிகம் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் அங்கே ஒரு தடவைகூடச் சரக்கு கேட்கவில்லை சரவணா. கேட்டதெல்லாம் தண்ணீர்தான். "ஒரே ஒரு டம்ளரு குடும்மே. பைப்புத் தண்ணியா இருந்தாலும் பரவால்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார். நான் டாக்டர் சொன்னபடி துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அந்தத் துணியைச் சப்பிக்கொண்டே போய்விட்டார். அவர் ஆசைப்பட்டதை வை, ஆசைப்பட்டதை வை என்று வருஷா வருஷம் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். அவர் கடைசியாக ஆசைப்பட்டது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தால் நான் ஒரு குடம் வைக்கிறேன், அது இதற்காகத்தான்.

அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டால் வா. வரும்போது கையில் ஒன்றும் கொண்டுவராதே. நம் தெருப் பைப்பில் பெண்களோடு வரிசையில் நின்று, குடம் நிறையப் பிடித்து, எல்லோரும் பார்க்க நீயே தோளில் தூக்கி வந்து உன் அப்பா இலைக்குப் பக்கத்தில் வை. கழற்ற மனசு வரவில்லை என்றால் அங்கேயே இருந்துகொள். குடத்தை இந்த வருஷமும் நானே தூக்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா